பந்தும் வலையும் – 14: கோட்டின் மேல் நின்ற பந்து

சென்ற வாரம் ஜப்பானியக் கால்பந்து ஆட்டக்காரர் ஹிதெதோஷி நகாத்தாவை 2006 ஜூலை 3-ஆம் தேதியில் விட்டுவிட்டு வந்தோம். பத்திரிகைகளோடு பிணங்கி 1998-லேயே தனக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியவர், 29 வயதில் ஓய்வு பெறும் செய்தியையும் அங்கேதான் எழுதினார். மற்றதெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வாரம் இங்கிலாந்தின் தென்கடற்கரையில் இருக்கும் பிரைட்டனுக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். காவோரு மித்தோமா என்ற ஒரே ஓர் ஆட்டக்காரருக்காக அந்தச் சின்ன ஊர் கிளப்பின் பெயர் ஜப்பானில் எப்படி வீட்டுப் பெயரானது என்பதுதான் திட்டமிட்ட அத்தியாயம். குறிப்புகளைப் பரப்பி வைத்து உட்கார்ந்தவன், முதல் புகைப்படத்திலேயே நின்றுவிட்டேன். நாளைக் காலை பிரதி போயாக வேண்டும். ஆனாலும் இந்தப் புகைப்படத்தைச் சொல்லாமல் பிரைட்டனுக்கு வண்டியேற மனம் வரவில்லை.

நீங்களும் அதைப் பார்த்திருப்பீர்கள். கால்பந்தே பார்க்காதவர்களின் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்த படம் அது. நேர் மேலிருந்து எடுத்தது. பச்சைப் புல், அதன் மேல் ஒரு வெள்ளைக் கோடு, கோட்டுக்கு அப்பால் ஏறக்குறைய முழுவதுமாகப் போய்விட்ட பந்து. பந்தின் ஓரத்தில் ஒரு மெல்லிய பிறை மட்டும் கோட்டின் வெள்ளையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எடுத்தவர் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் பெட்ர் டேவிட் யோசெக். மற்ற புகைப்படக்காரர்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவர் கூரையை ஒட்டிய நடைபாலத்தில் இருந்தார். அங்கிருந்து கோல் கோடு கிட்டத்தட்ட நேர்கீழே தெரியும்.

இடம்: கத்தாரின் கலீஃபா சர்வதேச மைதானம். நாள்: 2022 டிசம்பர் 1. ஜப்பானுக்கும் ஸ்பெயினுக்கும் உலகக் கோப்பை முதல் சுற்றின் கடைசி ஆட்டம். நம் நேரப்படி நள்ளிரவு 12.30, தோக்கியோவில் விடிகாலை 4 மணி. 11-ஆவது நிமிடத்தில் மொராத்தா தலையால் முட்டி ஸ்பெயினுக்கு முதல் கோலைப் போட்டுவிட்டார். முதல் பாதி முழுக்கப் பந்து ஸ்பெயினின் காலில்தான் இருந்தது. ஆட்டம் முடிந்தபின் கணக்குப் பார்த்தால், ஜப்பானியர்கள் பந்தை வைத்திருந்தது மொத்தத்தில் 18 சதவீதம்கூட இல்லை. அவ்வளவு குறைவாகப் பந்தைத் தொட்டு உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றை வென்ற அணி, கணக்கு வைக்கத் தொடங்கியதிலிருந்து வேறு இல்லை.

இடைவேளையில் பயிற்சியாளர் ஹஜிமே மொரியாசு இருவரை இறக்கினார்: ரிட்சு தோவான், காவோரு மித்தோமா. 48-ஆவது நிமிடத்தில் தோவான் பெட்டிக்கு வெளியிலிருந்து இடதுகாலால் ஓங்கி அடித்துச் சமன் செய்தார். மூன்றே நிமிடத்தில் அதே தோவான் வலப்பக்கத்திலிருந்து கோலின் குறுக்கே தாழ்வாக ஒரு பந்தைச் செலுத்துகிறார். நடுவில் ஓடிவந்த சக ஆட்டக்காரர் மாயெதாவின் காலுக்கு அது சிக்கவில்லை. தூரக் கம்பத்தைத் தாண்டி வெளியே உருண்டுகொண்டிருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் அது போன பந்துதான். மித்தோமா மட்டும் துரத்திப் போய்ச் சறுக்கி, இடதுகாலை நீட்டி, பந்தைக் கோலுக்கு முன்னால் திருப்பிவிடுகிறார். அவோ தனாக்கா பாய்ந்து உள்ளே தள்ளுகிறார்.

முதலில் கோல் இல்லை என்றார்கள். பந்து வெளியே போய்விட்டது என்று தீர்ப்பு. பிறகு வீடியோ நடுவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். தென்னாப்பிரிக்க நடுவர் விக்டர் கோம்ஸ் காதில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். மைதானம் மொத்தமும் நிற்கிறது. ஜப்பானில் பால்காரர் வரும் நேரத்தில் கோடிக்கணக்கானவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் கோல் என்று கை காட்டினார் நடுவர்.

இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. கோட்டின் மேல் பந்து மிச்சம் வைத்திருந்த இடம் அவ்வளவுதான். ஜப்பானியர்கள் அதை இன்னும் சுருக்கி 'மித்தோமாவின் ஒரு மில்லி' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே அவருடைய இரண்டாவது அடையாளமாகிவிட்டது.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்டது இந்தக் கணக்குதான்.

ஆட்ட விதிகளின் ஒன்பதாவது விதி, பந்து எப்போது ஆட்டத்தை விட்டு வெளியேறுகிறது என்பதைச் சொல்கிறது. தரையிலோ காற்றிலோ, பந்து முழுவதும் கோட்டை முழுவதும் கடந்திருக்க வேண்டும். பந்து தரையைத் தொடும் இடம் பற்றி விதியில் ஒரு வார்த்தையும் கிடையாது. பந்தின் எந்தப் பகுதியாவது, எவ்வளவு உயரத்திலாவது, கோட்டின் வெளி விளிம்புக்கு நேர்மேலே இருந்தால் ஆட்டம் தொடரும்.

இனி பந்து. அதன் சுற்றளவு 68-லிருந்து 70 செ.மீ. வரை இருக்கலாம். அதன்படி விட்டம் ஏறக்குறைய 22 செ.மீ., அதில் பாதி 11. அதாவது பந்து புல்லைத் தொடும் புள்ளி கோட்டின் வெளி விளிம்பிலிருந்து கிட்டத்தட்ட 11 செ.மீ. தள்ளிப் போயிருந்தாலும், பந்தின் இடுப்பு கோட்டின் மேலேதான் இருக்கும். வீட்டில் ஒரு குடத்தைச் சுவரோரமாக ஒட்டி வைத்துப் பாருங்கள். வயிறு சுவரில் முட்டும். அடியோ சுவரிலிருந்து நாலைந்து விரற்கடை தள்ளி நிற்கும். தரையோடு குனிந்து பார்க்கிறவருக்குச் சுவருக்கும் குடத்துக்கும் நடுவில் இடைவெளி தெரியும். மேலே நின்று நேர்கீழே பார்க்கிறவருக்கு இடைவெளியே தெரியாது.

அன்றிரவு உலகம் இரண்டாகப் பிரிந்ததும் இதனால்தான். புல்மட்டத்துக் கேமராக்களின் படத்தில் பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே பச்சை தெரிந்தது. ஒரு கையகலப் பச்சை! அதைப் பார்த்தவர்களுக்கு இது பட்டப்பகல் கொள்ளை. பார்வையாளர் மாடத்திலிருந்து சாய்வாக எடுத்த கேமராக்களிலும் பந்து வெளியே இருப்பது போலத்தான் தெரிந்தது. கோட்டின் நேர்மேலே, கோட்டுக்கு இணையாகப் பார்க்கும் கண் மட்டும்தான் உண்மையைச் சொல்ல முடியும். யோசெக் இருந்த இடம் அப்படிப்பட்டது. வீடியோ நடுவர்கள் பார்த்த கோல் கோட்டுக் கேமராவும் அப்படிப்பட்டது. மற்றக் கேமராக்களின் படங்கள் தவறான எண்ணத்தைத் தரக்கூடும், கோல் கோட்டுக் கேமராவின் சான்றுப்படி பந்து முழுமையாக வெளியேறவில்லை என்று ஃபிஃபா மறுநாள் விளக்கம் வெளியிட வேண்டியிருந்தது.

அதற்குள் ரசிகர்களே விளக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் பந்தையும் வெள்ளை நாடாவையும் தரையில் வைத்து நான்கு கோணத்தில் படம் எடுத்துப் போடுகிறார். இன்னொருவர் வட்டமும் தொடுகோடும் வரைந்து காட்டுகிறார். ஒரு ஆட்டக்காரரின் புகழ் இவ்வளவு பேரை ஒரே இரவில் அளவுகோலைக் கையில் எடுக்க வைத்து நான் கண்டதில்லை. ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி இணையத்தில் வழக்கமாக நடப்பது வேறு. அவர் போட்ட சட்டை, சாப்பிட்ட சாப்பாடு, நாய்க்குட்டி, திருமணம். இங்கே மக்கள் பகிர்ந்தது ஒரு கோளத்தின் வடிவக் கணிதத்தை. இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதிலிருந்து ஒரு கேள்வி என்னைத் துரத்துகிறது: ஆட்டக்காரரை வலையுலகில் பெரியவராக்குவது அவர் பேச்சா, அவர் ஆட்டமா? அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த மிக நல்ல பதில் அந்த இரவு.

அந்த இரண்டு மில்லிமீட்டருக்கு விலை கொடுத்தது ஸ்பெயின்கூட அல்ல. கணக்கைப் பாருங்கள். அதே நேரத்தில் இன்னொரு மைதானத்தில் ஜெர்மனி 4-2 என்று கோஸ்தா ரிக்காவை வென்றுகொண்டிருந்தது. ஜப்பான் 6 புள்ளி, ஸ்பெயின் 4, ஜெர்மனி 4. கோல் வித்தியாசத்தில் ஸ்பெயின் மேலே, ஜெர்மனி வீட்டுக்கு. தனாக்காவின் கோல் செல்லாமல் ஆட்டம் 1-1 என்று முடிந்திருந்தால்? ஸ்பெயின் 5, ஜப்பானும் ஜெர்மனியும் தலா 4. ஜப்பானின் கோல் வித்தியாசம் பூஜ்யம், ஜெர்மனிக்குக் கூடுதலாக ஒன்று. ஜெர்மனி அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். 2018-இலும் முதல் சுற்றிலேயே வெளியேறிய அணி அது. தாங்கள் ஆடாத ஆட்டத்தில், தங்கள் பக்கத்து ஆள் ஒருவர்கூட இல்லாத மைதானத்தில், ஒரு கோட்டின் ஓரத்தில் அவர்களுடைய உலகக் கோப்பை முடிந்தது.

ஜெர்மானியர்களுக்கும் கோல் கோட்டுக்கும் உள்ள உறவு பழையது. 1966 ஜூலை 30, லண்டன் வெம்பிளி, இறுதி ஆட்டம். இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் 2-2. கூடுதல் நேரத்தில் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கீழே குத்தித் துள்ளி வெளியே வருகிறது. உள்ளே விழுந்ததா, கோட்டில் விழுந்ததா? சுவிட்சர்லாந்து நடுவர் கொட்ஃப்ரீட் டீன்ஸ்ட் தன் உதவியாளரிடம் ஓடுகிறார். அந்த லைன்ஸ்மேன் தோஃபிக் பஹ்ராமோவ். கோல் என்று தலையசைத்தார். இங்கிலாந்து 4-2 என்று வென்றது. இங்கிலாந்தில் அவரை இன்றும் 'ரஷ்ய லைன்ஸ்மேன்' என்பார்கள். அவர் ரஷ்யர் அல்ல, அஸர்பைஜானியர். பாக்கு நகரில் ஒரு மைதானத்துக்கே அவர் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அங்கே அவருக்குச் சிலையும் உண்டு. 2004-ல் அந்தச் சிலைத் திறப்புக்கு ஜெஃப் ஹர்ஸ்டே போய் நின்றார். கோடு பார்த்துத் தீர்ப்புச் சொன்ன உதவியாளர் ஒருவருக்கு மைதானமும் சிலையும்! 1996-ல் ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள் பழைய படச்சுருளை அளந்து, பந்து முழுதாகக் கடக்க இன்னும் 6 செ.மீ.யாவது மிச்சமிருந்தது என்றார்கள். கோப்பை போனது போனதுதான்.

2010 ஜூன் 27, தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டைன். மறுபடி இங்கிலாந்து, ஜெர்மனி. ஜெர்மனி 2-1 என்று முன்னிலை. ஃபிராங்க் லம்பார்டு அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே நன்றாகவே விழுந்து வெளியே வந்தது. இந்த முறை உருகுவே நடுவர் கோல் தரவில்லை. ஜெர்மனி 4-1 என்று வென்றது. அதுவரை கோல் கோட்டுக்குக் கருவி வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்த ஃபிஃபா தலைவர் செப் பிளாட்டர் அந்த ஆட்டத்துக்குப் பிறகுதான் மனம் மாறினார். 2012 ஜூலையில் கருவிக்கு ஒப்புதல் கிடைத்தது. ஃபிஃபா அதை முதன்முதலில் ஒரு போட்டியில் பயன்படுத்திய இடம் எது தெரியுமா? ஜப்பான். 2012 டிசம்பர், கிளப் உலகக் கோப்பை, யோக்கோஹாமாவிலும் தொயோத்தாவிலும். அப்போது மித்தோமா கவாசாகி ஃப்ரோந்தாலே கிளப்பின் இளையோர் அணியில் ஆடிக்கொண்டிருந்த 15 வயதுப் பையன்.

வெம்பிளியில் இல்லாத கண், புளூம்ஃபொன்டைனில் இல்லாத கண், கலீஃபா மைதானத்தில் இருந்தது. அது இல்லாதிருந்தால் அந்தப் பந்து வெளியேதான். மித்தோமாவின் ஓட்டத்தை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

ஜப்பானில் அந்த உலகக் கோப்பையை ஏராளமானோர் பார்த்ததும் இணையத்தில்தான் என்பதைச் சொல்ல வேண்டும். அபேமா என்ற இணைய ஒளிபரப்பு 64 ஆட்டங்களையும் இலவசமாகக் காட்டியது. ஜப்பான் – குரோஷியா ஆட்டம் நடந்த நாளில் அதைப் பார்த்தவர்கள் 2.3 கோடிக்கு மேல். கூட்டம் தாங்காமல் புதிதாக வருபவர்களை நிறுத்தி வைத்தார்கள். வர்ணனைக்கு உட்கார்ந்தவர் தேசிய அணியின் முன்னாள் ஆட்டக்காரர் கெய்சுகே ஹோண்டா. மூன்று உலகக் கோப்பைகளில் கோல் போட்டவர். வர்ணனையாளர்களின் மெருகு எதுவும் இல்லாமல், பெஞ்சில் உட்கார்ந்த சக ஆட்டக்காரர் போலவே கத்தினார், திட்டினார், கெஞ்சினார். ஜெர்மனிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஜப்பான் 2-1 என்று முன்னிலையில் இருக்க, கூடுதல் நேரம் 7 நிமிடம் என்று பலகை காட்டினார்கள். 'ஏழு நிமிஷமா?' என்று அவர் போட்ட அலறல் அன்றே நாடு முழுக்கப் பரவிவிட்டது. தொலைக்காட்சியில் மட்டும் ஆட்டம் பார்த்த காலத்தில் அந்த அலறல் அந்த நொடியோடு காற்றில் கரைந்திருக்கும். இப்போது அது வெட்டி எடுக்கப்பட்டு, திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டு, பள்ளிப் பிள்ளைகள் வாயில் ஏறிவிட்டது.

மித்தோமாவின் புகழுக்கும் இதே இயந்திரம்தான். ஆனால் இந்த இயந்திரத்துக்குக் கொடூரமான மறுபக்கம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தத் தொடர் நேர்மையற்றதாகிவிடும்.

நவம்பர் 27. ஜெர்மனியை வென்ற மகிழ்ச்சியில் ஜப்பான் கோஸ்தா ரிக்காவோடு ஆடுகிறது. மித்தோமா அன்றும் இரண்டாம் பாதியில்தான் இறங்கினார். இடது ஓரத்தில் பந்துக்காகக் காத்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஆடியவர் ஹிரோக்கி இத்தோ, 23 வயது, உலகக் கோப்பையில் அவருக்கு அதுதான் முதல் ஆட்டம். முன்னால் நிற்கும் மித்தோமாவுக்குத் தராமல் பல தடவை பந்தைப் பின்பக்கமே திருப்பினார். 81-ஆவது நிமிடத்தில் கோஸ்தா ரிக்கா ஒரு கோல் போட்டு வென்றது. அன்றிரவு இத்தோவின் மேல் கொட்டிய வசவுக்கு அளவே இல்லை. ஏன் மித்தோமாவுக்குத் தரவில்லை? அந்த ஒரே கேள்வி ஆயிரமாயிரம் வாய்களில், சகிக்க முடியாத சொற்களில். மித்தோமாவின் மேல் வைத்த அன்பு, அவரோடு ஒரே சட்டை போட்ட இளைஞரை அடிக்கும் தடியாக மாறியது. கோல் போனதற்கு அந்தப் பின்பாஸ்கள் காரணமே அல்ல. கோலுக்கு முன் பந்தை இழந்தது வேறிடத்தில். நுணுகிப் பார்ப்பவர்கள் பார்த்திருக்கலாம். ஸ்பெயின் ஆட்டத்தன்று மில்லிமீட்டர் அளந்த பொறுமையில் நூறில் ஒரு பங்கு அன்று இருந்திருந்தால் இத்தோ தப்பித்திருப்பார். அவர் பிற்பாடு 2024-ல் பயேர்ன் மியூனிக் கிளப்புக்கே போய்ச் சேர்ந்தார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

டிசம்பர் 5. குரோஷியாவோடு 1-1. பெனால்டி. குரோஷியக் கோல்கீப்பர் லிவகோவிச் மூன்று பேரின் அடியைத் தடுத்தார். மூவரில் ஒருவர் மித்தோமா. ஜப்பான் வெளியேறியது. நான்கே நாளுக்கு முன் இரண்டு மில்லிமீட்டரால் நாட்டைத் தூக்கி நிறுத்தியவர், கேமரா முன்னால் பேச முடியாமல் அழுதார். அவரையும் தாக்கத்தான் செய்தார்கள், ஆனால் தாங்கியவர்கள் அதிகம். இத்தோவுக்குக் கிடைக்காத பொறுமை மித்தோமாவுக்குக் கிடைத்தது. புகழ் உள்ளவருக்கு மட்டும் கிடைக்கும் பொறுமையை நான் நியாயம் என்று ஏற்க மாட்டேன்.

ஸ்பெயின் கோலுக்குத் திரும்புகிறேன், இன்னும் ஒரு விஷயம் பாக்கி. பந்தைத் திருப்பிய மித்தோமாவும் அதை உள்ளே தள்ளிய தனாக்காவும் ஒரே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள். தோக்கியோவை ஒட்டிய கவாசாகி நகரின் மியாமாயே வட்டத்தில் சகினுமா என்ற பகுதி. இருவரும் சகினுமா தொடக்கப் பள்ளி. இருவரும் சகினுமா எஸ்.சி. என்ற உள்ளூர்ச் சிறுவர் அணி; இருவரும் அங்கிருந்து கவாசாகி ஃப்ரோந்தாலேயின் பயிற்சிக் கூடம். தனாக்கா ஒரு வகுப்பு இளையவர். அன்று கோல் காத்து நின்ற ஷுயிச்சி கோன்தாவும் சிறுவயதில் அதே சகினுமா அணியில் ஆடியவர்தான். 12 கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டில், ஒரே பேட்டையின் ஒரே மைதானத்தில் புழுதி பறக்க ஆடியவர்கள் மூவர் ஸ்பெயினுக்கு எதிரே நின்றார்கள். போன பந்தை மித்தோமா விடமாட்டார் என்று நம்பி யாராவது பெட்டிக்குள் பாய்வதாக இருந்தால், அது தனாக்காவாக இருந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. இந்தச் செய்தியும் அந்த வாரம் ஜப்பானிய வலையுலகில் சுற்றிச் சுற்றி வந்தது.

நகாத்தாவையும் மித்தோமாவையும் அடுத்தடுத்து வைத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. நகாத்தா தன் சொல்லைத் தானே வெளியிட இணையத்துக்குப் போனார். தேசிய கீதம் பற்றி அவர் சொன்னதாகப் பத்திரிகையில் வந்த ஒரு வரியால் மிரட்டல் வரை அனுபவித்தவர். தன் சொல்லுக்கும் வாசகருக்கும் நடுவில் யாரும் இருக்கக் கூடாது என்று நினைத்தார். அது அவருடைய காலத்துக்குச் சரி. மித்தோமா பேட்டிகளில் அளந்து பேசுகிறவர், ஆரவாரம் இல்லாதவர். அவருக்காகப் பேசுவது வெட்டி எடுத்த நொடிகள். 2023 ஜனவரி 29, எஃப்.ஏ. கோப்பையில் லிவர்பூலுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் போட்டாரே: பறந்து வந்த பந்தைக் காலால் நிறுத்தி, அடிப்பது போல் காட்டி எதிராளியைத் தரையில் சாய்த்து, பந்து புல்லைத் தொடுமுன் வெளிப்பாதத்தால் தட்டி உள்ளே அனுப்பினார். அதே ஆண்டு ஆகஸ்டில் வுல்வ்ஸுக்கு எதிராகப் பாதி மைதானம் தனியே ஓடிப் போட்ட கோல். 2025 பிப்ரவரி 14 அன்று செல்சீக்கு எதிராகப் போட்ட கோல். தன் கோல்கீப்பர் மறுகோடியிலிருந்து உதைத்த பந்து வானத்திலிருந்து தோளுக்குப் பின்னால் இறங்குகிறது; ஓடிக்கொண்டே கால்விரல் நுனியால் அதைப் புல்லில் படுக்க வைக்கிறார். அந்த ஒரு தொடுகையை உலகம் எத்தனை முறை திருப்பிப் பார்த்திருக்கும்! அந்தப் பருவத்தில் பிரீமியர் லீகில் 10 கோல் போட்டார். அங்கே இரட்டை இலக்கத்தைத் தொட்ட முதல் ஜப்பானியர் அவர்தான்.

இந்த நொடிகள் எதிலும் அவர் வாய் திறக்கவில்லை. இவற்றுக்கு மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை. ஜப்பானிய மொழி ஓர் எழுத்தும் தெரியாதவர்களும் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, எதிராளியின் எடை எந்தக் காலில் இருந்தது என்று விவாதிக்கிறார்கள். ஓர் ஆட்டக்காரருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த புகழ் இதுவென்று நான் நினைக்கிறேன்: பார்ப்பவரை இன்னும் கவனமாகப் பார்க்க வைக்கும் புகழ்.

எதிராளியின் எடை என்றதும், சொல்லத் துடித்துக்கொண்டிருந்த அடுத்த விஷயம் வந்துவிடுகிறது, இடமோ முடிந்துவிட்டது. 18 வயதில் ஃப்ரோந்தாலே தொழில்முறை ஒப்பந்தம் தர முன்வந்தபோது, தன் உடல் இன்னும் தயாராகவில்லை என்று மறுத்துவிட்டு ட்சுகுபா பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனவர் மித்தோமா. அங்கே மாணவராக இருந்தபோது 2017-ல் பேரரசர் கோப்பையில் முதல்தர லீக் அணியான வெகால்தா செந்தாயை 3-2 என்று வீழ்த்திய ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டார். பட்டப்படிப்பு ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, ஒருவருக்கு ஒருவர் மோதும்போது பந்து வைத்திருப்பவர் எதைப் பார்க்கிறார் என்பது. சக ஆட்டக்காரர்களின் தலையில் சிறிய கேமராவை மாட்டி அவர்களுடைய பார்வை போகும் திசையைப் பதிவு செய்தார். நன்றாக டிரிப்ளிங் செய்கிறவர்கள் பந்தைக் குனிந்து பார்ப்பது குறைவு என்பது தெரிய வந்தது. அடுத்த வாரம் அந்த ஆய்வு, அதற்குப் பின் பிரைட்டன். பிரைட்டனை எப்படியும் அடுத்த வாரம் தொட்டுவிடுவேன்.

அதற்குள் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தச் செல்சீ கோலைத் தேடி எடுத்துப் பாருங்கள், பார்த்திருந்தாலும் மறுபடி பாருங்கள். பந்து தரைக்கு வந்தபிறகு பந்தைப் பார்க்க வேண்டாம், அவர் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)